ஒரே மாடல் போன், தம்பிக்கு அப்டேட் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை: பிடித்து வைத்திருப்பது கம்பெனியா, நெட்வொர்க்கா?

பேச்சிப்பாறை_மழை:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு போன் கொண்டுவந்தான். அதே மாடலைத் தம்பி நாகர்கோவிலில் கடையில் வாங்கியிருக்கிறான். நிறமும் ஒன்றே, அம்மா அடிக்கடி மாற்றி எடுத்துப் பேசிவிடுவாள். தம்பி போனுக்குப் புது ஆண்ட்ராய்டு வந்து ஐகான் முதல் எல்லாம் மாறியாயிற்று. என் போனில் எப்போது பார்த்தாலும் 'புதிய அப்டேட் எதுவும் இல்லை' என்றுதான் வருகிறது.

அதைக்கூட விட்டுவிடலாம். எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது, உள்ளே சிக்னல் சுத்தமாகக் கிடையாது. கேபிள்காரர் ஃபைபர் இழுத்துத் தந்திருக்கிறார், வைஃபைக்குக் குறை ஒன்றும் இல்லை. தம்பி போனில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கிறது, அவன் அடுக்களையில் உட்கார்ந்து சாதாரண நம்பரிலேயே பேசுகிறான். என் போனில் அந்த ஆப்ஷனே இல்லை. நெட்வொர்க்கும் ஒன்றுதான், பிளானும் ஒன்றுதான். பேங்க் ஓடிபி வர நான் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றங்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. நெட்வொர்க் கஸ்டமர் கேரில் கேட்டால் போன் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள், போன் கம்பெனியில் கேட்டால் உங்கள் நெட்வொர்க்கைக் கேளுங்கள் என்கிறார்கள். இதில் யார் சொல்வது உண்மை?

களியக்காவிளை_கார்னர்:
நெட்வொர்க்காரன்தான் காரணம். அமெரிக்காவில் எல்லாம் அவன் சரி என்று சொன்னால்தான் அப்டேட் வெளியே வரும். யூடியூபில் பார்த்தேன்.

தக்கலை_போன்கடை:
தங்கச்சி, உங்கள் கதையில் 'துபாய்' என்ற சொல்லிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃபில் இருப்பதால் என் கடைக்கு இந்தப் புகார் வராத வாரமே கிடையாது.

போன் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் எந்த நாட்டுச் சந்தைக்கு விற்கத் தயாரித்தார்களோ அந்த நாட்டின் மென்பொருள்தான் உள்ளே இருக்கும். ஒரே தோட்டத்தில் வெட்டிய ஏத்தன் குலைதான், ஒன்று மார்த்தாண்டம் சந்தைக்குப் போகிறது, ஒன்று திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்குப் போகிறது, விலையும் வேறு, வாங்குகிறவனும் வேறு. சாம்சங்கில் இதற்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: இந்தியாவுக்கு ஐஎன்எஸ், அமீரகத்துக்கு எக்ஸ்எஸ்ஜி, சவுதிக்குக் கேஎஸ்ஏ. ஷாவ்மியில் மென்பொருள் பதிப்பு எண்ணின் கடைசிப் பக்கம் பாருங்கள், ஐஎன் என்று இருந்தால் இந்தியா, எம்ஐ என்று இருந்தால் குளோபல், இயு என்றால் ஐரோப்பா. உங்கள் போன் எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை, எல்லாக் கம்பெனியிலும் இதுபோல ஏதோ ஒன்று இருக்கும். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி', அதற்குள் 'மென்பொருள் தகவல்' போய், சர்வீஸ் புரொவைடர் என்று ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்டேட்டை ஒரே நாளில் உலகம் பூராவும் விடமாட்டார்கள். ஒரு நாட்டுக்கு விட்டுப் பார்த்து, அதிலும் கொஞ்சம் கொஞ்சம் பேருக்கு விட்டு, குழப்பம் வந்தால் நிறுத்திவைத்து, அப்புறம்தான் அடுத்த நாடு. உங்கள் போன் துபாய் வரிசையில் நிற்கிறது, தம்பி போன் இந்திய வரிசையில். இந்திய சிம்மைப் போட்டதால் வரிசை மாறிவிடாது.

ரப்பர்பால்:
அண்ணாச்சி, சில போன்ல சிம் மாத்தினா ரீஸ்டார்ட் ஆகி நாடு மாறுதே? என் மச்சான் போன்ல பார்த்திருக்கேன்.

தக்கலை_போன்கடை:
மாறும். எல்லாவற்றிலும் மாறாது. பல நாடுகளுக்கான அமைப்புகளை ஒரே தொகுதியாகக் கட்டிப் போனில் போட்டிருப்பார்கள், அந்தத் தொகுதிக்குள் உள்ள நாடு என்றால் சிம் போட்டதும் மாறிக்கொள்ளும். நான் பார்த்தவரை கல்ஃப் போன்கள் பலவற்றில் இந்தியா அந்தத் தொகுதியில் இருப்பதில்லை.

வடசேரி_டு_பெங்களூரு:
இந்த வேலையிலேயே இருக்கிறேன், போன் மென்பொருளைச் சோதிக்கும் டீம், கம்பெனி பெயர் வேண்டாம். களியக்காவிளைக்காரர் சொன்னது அமெரிக்காவுக்குச் சரி, இங்கே பொருந்தாது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கூகுள் புது ஆண்ட்ராய்டின் மூல நிரலை வெளியிட்டதும் அது நேராக உங்கள் போனுக்கு வராது. முதலில் சிப் செய்கிறவர்கள், குவால்காம், மீடியாடெக் போன்றவர்கள், தங்கள் சிப்புக்கு ஏற்ற டிரைவர்களை, அதாவது சிப்பை ஆண்ட்ராய்டோடு இணைக்கும் நிரல்களை, தயார் செய்து கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு போன் கம்பெனி அதன்மேல் தன் சொந்தத் தோலை மாட்டும். கேமரா ஆப், தீம், யாருமே கேட்காத கேம் ஸ்டோர், எல்லாம். அப்புறம் டவரோடு பேசும் மோடம் பகுதிக்குச் சோதனை, நாடு வாரியாகச் சோதனை. அமெரிக்காவில் இதற்கும் மேலே ஒரு படி, நெட்வொர்க் நிறுவனம் தன் ஆய்வகத்தில் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே பெரும்பாலான போன்களை நெட்வொர்க் கடைகளே தவணைக்கு விற்பதால் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. 2012இல் கேலக்ஸி நெக்ஸஸ் கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். கூகுள் பெயரிலேயே வந்த போன் அது. சாதாரண ஜிஎஸ்எம் மாடலுக்கு ஜூலையில் ஜெல்லி பீன் என்ற ஆண்ட்ராய்டு வந்தது, அமெரிக்க நெட்வொர்க்கான வெரைசான் விற்ற மாடல் செப்டம்பர் வரை காத்திருந்தது. மென்பொருளை எழுதினவன் கூகுள், போனைச் செய்தவன் சாம்சங், நடுவில் நின்று நிறுத்தினவன் நெட்வொர்க்.

இந்தியாவில் நாம் கடையில் போனைத் தனியாக வாங்குகிறோம், சிம்மைத் தனியாக வாங்குகிறோம். ஆகவே ஆண்ட்ராய்டு பதிப்பு அப்டேட்டை ஏர்டெல்லோ ஜியோவோ பிடித்து வைப்பதில்லை. அது முழுக்கக் கம்பெனி கணக்கு. ஆனால் வைஃபை காலிங், 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்இ, 5ஜி என்று வரும்போது நெட்வொர்க்கும் உள்ளே வந்துவிடுகிறது. தங்கச்சி கேட்டது இரண்டு வேறு கேள்விகள், இரண்டுக்கும் குற்றவாளி ஒருவன் இல்லை.

ஆப்பிள் மட்டும் இதில் தனி. சிப்பும் அவர்களுடையது, மென்பொருளும் அவர்களுடையது, 2007இல் அமெரிக்காவில் முதல் ஐபோன் ஏடிஅண்ட்டி நெட்வொர்க்குக்கு மட்டுமே என்று இருந்தபோதும் அப்டேட் விடும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு செக்யூரிட்டி அப்டேட் போனது.

ரப்பர்பால்:
கதை எல்லாம் சரி. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்குகிறவன் ஐபோனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு என்ன செய்ய? விஷயம் எளிது. அப்டேட் கொடுத்தால் நீ அடுத்த போன் வாங்கமாட்டாய், அதனால் கொடுக்கமாட்டான். இதற்குப் போய் டிரைவர், மோடம் என்று நீட்டி முழக்க வேண்டாம். என் பழைய போன் வாங்கும்போது இருந்த ஆண்ட்ராய்டோடுதான் கடைசி வரை இருந்தது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்தது ஒன்றோ இரண்டோ. அப்புறம் ஒரு நாள் பேங்க் ஆப் 'இந்தச் சாதனத்தில் இயங்காது' என்று சொல்லிவிட்டது. பால் வெட்டிய காசை எடுத்துப் புதுப் போன் வாங்கினேன். அவ்வளவுதான் கதை.

வடசேரி_டு_பெங்களூரு:
அண்ணே, புதுப் போன் விற்கும் ஆசை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி விரும்பினாலும் முடியாத இடம் ஒன்று உண்டு, அதற்கு ஃபேர்ஃபோன் 2 நல்ல சாட்சி. 2015இல் வந்த டச்சுப் போன். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது, திருப்புளியும் பொறுமையும் இருந்தால் நாமே பாகங்களைக் கழற்றி மாட்டலாம். அதில் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6க்கு மேல் குவால்காம் ஆதரவு தரவில்லை. அதே சிப் இருந்த பெரிய கம்பெனிகளின் போன்களும் அங்கேயே நின்றன. இந்தச் சின்னக் கம்பெனி மட்டும் வெளி ஆட்களின் நிரலையும் சேர்த்துக்கொண்டு தானே முட்டி மோதி ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோய், 2023 மார்ச்சில்தான் முடித்தது. ஆக சிப்காரன் கைவிட்டால் போன்காரனுக்குச் செலவு பல மடங்கு. பெரிய கம்பெனிகள் அந்தச் செலவைப் பார்த்துவிட்டுப் புது மாடல் விற்கப் போய்விடுகின்றன. நீங்கள் சொன்ன ஆசை அங்கேதான் வந்து சேர்கிறது.

கூகுளுக்கும் இது தெரியும். 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் டிரெபிள் என்று கொண்டுவந்தது இதற்காகத்தான். சிப் சம்பந்தப்பட்ட பகுதியையும் மேலே உள்ள ஆண்ட்ராய்டையும் பிரித்து நடுவில் ஒரு நிலையான எல்லைக்கோடு போட்டார்கள், மேல்பாதியை மாற்ற ஒவ்வொரு முறையும் சிப்காரன் வாசலில் நிற்க வேண்டாம் என்று. வேகம் கொஞ்சம் கூடியது. முழுசாகத் தீரவில்லை. 2025 பிப்ரவரியில் குவால்காமும் கூகுளும் சேர்ந்து, ஸ்னாப்டிராகன் 8 எலைட்டிலிருந்து எட்டு ஆண்டு வரை அப்டேட் தர வழி செய்கிறோம் என்றார்கள். கவனியுங்கள், வழி செய்கிறோம் என்றுதான். தருவதும் தராததும் போன் கம்பெனி இஷ்டம்.

வாத்தியார்_ஓய்வு:
சிப்காரன் போன்காரனைக் காட்டுகிறான், போன்காரன் நெட்வொர்க்கைக் காட்டுகிறான், எல்லோரும் கூகுளைக் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று வகுப்பில் நடப்பதுதான் இது. ஒரு கேள்வி. எழுத்தில் கொடுத்த வாக்கு என்று ஏதாவது உண்டா இந்தத் தொழிலில்?

வடசேரி_டு_பெங்களூரு:
இப்போது உண்டு சார். 2011இல் கூகுள் மேடையில் பல கம்பெனிகளையும் நெட்வொர்க்குகளையும் சேர்த்து, புதுப் போன்களுக்குப் பதினெட்டு மாதம் அப்டேட் உறுதி என்று ஒரு கூட்டணி அறிவித்தார்கள். அது அப்படியே காற்றோடு போயிற்று, கேட்பாரில்லை. 2023 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டு, 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24க்கு ஏழு ஆண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நடுத்தர விலையிலும் வந்துவிட்டது, கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டு. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே அமலில் இருக்கிறது, ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு அப்டேட் என்பது அதன் கணக்கு. ரப்பர்பால் அண்ணன் அடுத்த முறை மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் இந்த ஆண்டுக் கணக்கைக் கேட்டால் போதும். கடையில் வேண்டாம், கம்பெனி தளத்தில் எழுத்தில் பாருங்கள். அதிலும் இரண்டு எண் இருக்கும். ஆண்ட்ராய்டு பதிப்பு எத்தனை, செக்யூரிட்டி பேட்ச் எத்தனை ஆண்டு என்று தனித்தனியாக. பல விளம்பரங்களில் பெரிய எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்த ஆண்டுக் கணக்கும் மாடல் வெளிவந்த நாளிலிருந்துதான் ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. இரண்டு வருடம் பழைய மாடலை ஆடித் தள்ளுபடியில் வாங்கினால் இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

தக்கலை_போன்கடை:
'கடையில் வேண்டாம்' என்று போட்டீர்களே தம்பி, நாங்கள் இருக்கிறோம் இங்கே :)

குளச்சல்_காற்று:
அப்டேட் வரவில்லை என்று நீங்கள் அழுகிறீர்கள், எங்கள் பக்கம் அப்டேட் வந்துவிட்டதே என்று அழுகிறவர்கள்தான் அதிகம். என் சித்தப்பா போனில் அப்டேட் போட்ட மறுநாள் திரையில் மேலிருந்து கீழ் வரை பச்சைக் கோடு. அதிலிருந்து எங்கள் தெருவில் யாரும் அப்டேட் பொத்தானைத் தொடுவதில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தக்கலை_போன்கடை:
பச்சைக் கோடு எனக்கு நன்றாகவே தெரியும், அந்தப் போன்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முகமும் தெரியும். கோடு வருவது அமோலெட் டிஸ்பிளேயில். டிஸ்பிளேயிலிருந்து போர்டுக்கு வரும் பட்டை ஒயர் இணைப்பு, இல்லையென்றால் பேனலே பலவீனமாக இருக்கும். அப்டேட் ஓடும்போது போன் வெகுநேரம் சூடாக வேலை செய்கிறது, ஏற்கெனவே நொந்து கிடந்தது அன்றைக்கு முழுசாகப் போகிறது. அப்டேட்டே போடாத போனிலும் கோடு வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் கம்பெனிக்காகப் பேசுகிறான் என்பார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்த போன் அல்லவா. இந்தச் சத்தம் பெரிதாகித்தான் 2023இல் ஒன்பிளஸ் சில பழைய மாடல்களுக்கு இந்தியாவில் டிஸ்பிளேக்கு ஆயுள்கால வாரண்டி கொடுத்தது. வாரண்டி முடிந்துவிட்டது என்று கடையில் டிஸ்பிளே மாற்றும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எனக்கு வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

அப்டேட் போடும்போது சார்ஜில் மாட்டி, போர்வைக்குள் தலையணைக்குள் வைக்காமல், கவரைக் கழற்றி மேசையில் வையுங்கள். வந்த அன்றே போடாமல் ஒரு வாரம் பொறுத்து, அதே மாடல்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடலாம். பிடிக்கவில்லை என்றால் பழையதுக்குத் திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம், பல போன்களில் திரும்பும் வழியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

குளச்சல்_காற்று:
சரி அண்ணாச்சி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்கு அப்டேட் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2023இல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கிறதா, அரசாங்கத்தின் சோதனை எச்சரிக்கை. என் போன் அலறியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா போன் சும்மா கிடந்தது. நெட்வொர்க்கும் ஒன்று, கடற்கரையும் ஒன்று. ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எந்தப் போனும் உதவியிருக்காது, டவர் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த அலறல் கேட்க வேண்டும் அல்லவா. அப்பா போன் ஏன் அலறவில்லை?

வடசேரி_டு_பெங்களூரு:
நல்ல கேள்வி. அது எஸ்எம்எஸ் கிடையாது, செல் பிராட்காஸ்ட். டவர் ஒரே நேரத்தில் தன் எல்லைக்குள் உள்ள எல்லாப் போனுக்கும் சத்தம் போட்டுச் சொல்வது. நம்பர் வேண்டாம், நெட் வேண்டாம். டவர் அனுப்புவது நெட்வொர்க் வேலை. அதைக் கேட்டு அலறுவது போன் மென்பொருளின் வேலை. செட்டிங்ஸில் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தேடுங்கள், அணைந்து கிடந்தால் போடுங்கள், 'டெஸ்ட் அலர்ட்' என்று தனியாக இருந்தால் அதையும். தேடியும் அந்தப் பக்கமே இல்லை என்றால் அந்தப் போனின் மென்பொருளில் அதைச் சேர்க்கவில்லை. அதற்குப் போன் கம்பெனி அப்டேட் விட்டால்தான் உண்டு.

களியக்காவிளை_கார்னர்:
அப்போ நெட்வொர்க்காரன் ஒன்றுமே செய்யவில்லை, உத்தமன். அப்படித்தானே?

வடசேரி_டு_பெங்களூரு:
அப்படியும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது குரல் அழைப்பு முழுக்க வோல்ட்இ வழியாகத்தான். 4ஜி போன் இருந்தும் வோல்ட்இ இல்லாதவர்கள் பேசுவதற்கே ஜியோவின் தனி ஆப்பைப் போட வேண்டியிருந்தது. அதன்பிறகு கம்பெனிகள் வரிசையாக வோல்ட்இ அப்டேட் விட்டன. நெட்வொர்க் தள்ளினால் கம்பெனி ஓடும் என்பதற்கு அது உதாரணம். மறுபக்கம் 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது, லட்ச ரூபாய் ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு 5ஜி கிடைக்கவில்லை. போனுக்குள் 5ஜி வன்பொருள் இருந்தது, மென்பொருள் பூட்டு திறக்கவில்லை. ஜியோ ஒரு முறையில் 5ஜி தருகிறது, ஏர்டெல் இன்னொரு முறையில், இரண்டையும் ஆப்பிள் சோதித்து முடித்து டிசம்பரில் ஐஓஎஸ் 16.2இல்தான் திறந்தது. இடையில் மத்திய அரசே போன் கம்பெனிகளையும் நெட்வொர்க்குகளையும் கூப்பிட்டு ஏன் தாமதம் என்று கேட்க வேண்டி வந்தது.

வைஃபை காலிங்கும் இதே வகை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. ஒவ்வொரு மாடலையும் நெட்வொர்க்கும் கம்பெனியும் சேர்ந்து சோதித்த பிறகுதான் அந்த மாடலின் இந்திய மென்பொருளுக்குள் அந்த நெட்வொர்க்கின் அமைப்பைப் போடுவார்கள். துபாய் மென்பொருளில் அமீரக நெட்வொர்க்குகளின் அமைப்பு இருக்கும், இந்திய நெட்வொர்க் எதற்கு இருக்கப் போகிறது. தங்கச்சி போனில் ஆப்ஷன் தெரியாததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பேச்சிப்பாறை_மழை:
அண்ணாச்சி சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தேன். தம்பி போனில் உள்ள எழுத்துக்கும் என் போனில் உள்ளதுக்கும் சம்பந்தமே இல்லை, என்னுடையது வெளிநாட்டுக் குறியீடுதான். இதை மாற்ற முடியாதா? மார்த்தாண்டத்தில் ஒரு பையன் ஐந்நூறு ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்கிறான்.

தக்கலை_போன்கடை:
அந்தப் பையனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். கம்பெனி வெளியிட்ட மாற்றப்படாத இந்திய மென்பொருளைப் போடுகிறாயா, போனைக் கிளப்பும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து வேறு எதையாவது ஏற்றுகிறாயா? பூட்லோடரைத் திறப்பேன் என்றால் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பேங்க் ஆப், யுபிஐ ஆப் பலவும் அதோடு வேலைசெய்ய மறுக்கும். முதல் வகை என்றாலும் மாடல் எண் கடைசி எழுத்து வரை இந்திய மாடலோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் மாடல் எண் வேறாக இருந்தால் உள்ளே மோடமே வேறாக இருக்கலாம். மாற்றி ஏற்றினால் நெட்வொர்க் மொத்தமாகப் போய்விடும், அப்புறம் கிணற்றங்கரையிலும் ஓடிபி வராது. போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் இந்தியாவில் வாங்கிய பழைய போன் ஏதாவது கிடக்கிறதா? பேங்க் நம்பர் உள்ள சிம்மை அதில் போட்டு, வைஃபை காலிங்கை ஆன் செய்து அடுக்களை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பேச்சிப்பாறை_மழை:
தம்பியின் பழைய போனில் போட்டுப் பார்த்தேன், ஆப்ஷன் வந்துவிட்டது!! அம்மா உள்ளிருந்தே சித்தியைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாள். ரொம்ப நன்றி அண்ணாச்சி, பெங்களூரு அண்ணனுக்கும். எங்கள் அண்ணன் அடுத்து வரும்போது அம்மாவுக்கும் ஒரு போன் வாங்கி வருகிறேன் என்கிறான், என்ன சொல்ல?

ரப்பர்பால்:
டாங் டப்பாவும் கோடாலித் தைலமும் போதும் என்று சொல்லுங்க.

பேச்சிப்பாறை_மழை:
😂😂

ரப்பர்பால்:
கேலி இருக்கட்டும், பெங்களூரு தம்பிக்கு ஒரு கேள்வி. என் இப்போதைய போனில் செக்யூரிட்டி பேட்ச் போன வருடத்தில் நிற்கிறது. ஆனால் அதற்குக் கீழே 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று இருப்பதில் தேதி புதிதாக இருக்கிறது. கம்பெனி தூங்கினாலும் கூகுள் பார்த்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வடசேரி_டு_பெங்களூரு:
பாதி எடுத்துக்கொள்ளலாம். 2019இல் ஆண்ட்ராய்டு 10இலிருந்து சில பகுதிகளைத் தனித்தனித் துண்டாக்கி, ஆப் அப்டேட் மாதிரி கூகுளே நேரடியாக அனுப்புகிறது. படம், வீடியோவைத் திறந்து படிக்கும் பகுதி அதில் ஒன்று. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை அங்கேதான் வந்தது, ஒரு எம்எம்எஸ் போதும் போனுக்குள் நுழைய. அதற்குப் பிறகுதான் மாதாமாதம் பேட்ச் என்ற வழக்கமே ஆரம்பித்தது. ஆகவே அந்தப் புதுத் தேதி வீண் இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டின் அடித்தளமான கர்னல், மோடம், சிப் டிரைவர் ஓட்டைகளை அந்த வழியில் அடைக்க முடியாது. அதற்குக் கம்பெனி அனுப்பும் முழு அப்டேட் வந்தே ஆக வேண்டும். இன்றைக்கே போனை மாற்ற வேண்டும் என்றில்லை. தெரியாத ஏபிகே ஃபைல், அதாவது ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல், எதுவும் ஏற்றாதீர்கள், வாட்ஸ்அப்பில் வரும் 'கல்யாணப் பத்திரிகை' ஏபிகே உட்பட. பணம் அதிகம் இருக்கும் கணக்கை மட்டும் அந்தப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.